அக்கோமா வெள்ளையா, சான் இல்டெஃபொன்சோ கறுப்பா?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் புவெப்லோ பழங்குடியினர் செய்யும் பானைகளில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? நான் அக்கோமா என்னும் ஊரின் வெள்ளைப் பானையை எடுத்தேன். கடைசிவரை போட்டியில் நின்றது சான் இல்டெஃபொன்சோ என்னும் ஊரின் கறுப்புப் பானை.

இரண்டுமே சக்கரம் இல்லாமல் மண் திரியை அடுக்கி அடுக்கிக் கையால் எழுப்பியவை. விலையும் இரண்டுக்கும் கையைக் கடிக்கத்தான் செய்யும்.

கறுப்பின் அழகைக் குறை சொல்லவே முடியாது. 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவ்வூர்ப் பானைக் கலைஞர் மரியா மார்த்தினெஸும் கணவர் ஜூலியனும் உருவாக்கிய பாணி அது. பானையை வழுவழுப்பான கல்லால் தேய்த்து மினுங்க வைத்து, அதன்மேல் களிமண் குழம்பால் வரைவார்கள். சுடும்போது தீயைச் சாணத்தூளால் மூடினால் புகையில் பானை கறுத்துவிடும். தேய்த்த இடம் பளபளக்க, வரைந்த இடம் மங்கலாக நிற்கும். அவான்யு என்னும் கொம்புள்ள நீர்ப்பாம்பு அப்படி வளைந்து ஓடுவதைப் பார்த்தால் மனசு அதன்பின்னே போய்விடும்.

ஆனால் பராமரிப்பு? அங்கேதான் நான் பின்வாங்கினேன். அந்தப் பளபளப்பு கண்ணாடிப் பூச்சு அல்ல, கல்லால் தேய்த்து வந்தது மட்டுமே. விரல் வைத்தால் ரேகை தெரியும். தூசியை அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். தண்ணீர் பட்டால் மினுக்கு மங்கிவிடும். போனால் போனதுதான், வீட்டில் சரிசெய்ய வழியில்லை. ஆட்கள் வந்து போகிற, ஆசையாகத் தொட்டுப் பார்க்கிற வீட்டுக்கு இது சரிப்பட்டு வராது.

அக்கோமாவிலும் தண்ணீர் ஊற்றக் கூடாது, கழுவக் கூடாது. ஆனால் பளபளப்பே அதன் உயிர் இல்லை, கோடுகள்தான் உயிர். காய்ந்த மென்தூரிகையால் தூசி தட்டினால் போதும். பழைய பானை ஓடுகளை இடித்து மண்ணில் கலந்து, மெல்லிய சுவராக எழுப்பி, வெள்ளைக் குழம்பு பூசி, யுக்கா என்னும் செடியின் இலை நாரில் செய்த தூரிகையால் கறுப்புக் கோடு இழுக்கிறார்கள். என் பானையின் கழுத்தடியில் மழையைக் குறிக்கும் நுண்கோடுகள் நெருக்கமாக ஓடுகின்றன. ஓரிடத்தில் தூரிகையில் சாயம் தீர்ந்து, மறுபடி தொட்டுத் தொடர்ந்தது தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வரைந்த கை பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கிறது.

குறையும் உண்டு. அக்கோமா மண்ணிலுள்ள கனிமத் துகள்களால் சில பானைகளில் பொட்டுப் பொட்டாகப் பூச்சு உதிரும். என்னுடையதில் இதுவரை இல்லை, ஆனால் என் அனுபவம் ஒரு பானையோடு சரி. மறுவிற்பனையைப் பற்றிப் பேசவும் அது போதாது.

வாங்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் கேளுங்கள்: கையால் எழுப்பியதா, அச்சில் வார்த்ததன்மேல் வரைந்ததா? அக்கோமாவில் இரண்டும் விற்கிறது. வாய்க்குள் கைவிட்டுத் தடவினால், கையால் எழுப்பியதில் மேடு பள்ளம் கொஞ்சமாவது தட்டுப்படும். உங்களுக்குக் கிடைப்பது அச்சு வார்ப்புதான் என்றால், பேசாமல் அந்தக் கறுப்பையே வாங்கிக்கொள்ளுங்கள்.