வந்தால் போடும் மாத்திரையா, வராமல் இருக்கப் போடும் மாத்திரையா?

எங்கள் சமையலறைக் காலண்டரில் பால் கணக்குக்கு நீல மை. சிலிண்டர் மாற்றிய தேதிக்கு வட்டம். என் மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) மாத்திரைக்குச் சிவப்புப் புள்ளி. போன ஆகஸ்டில் சும்மா எண்ணிப் பார்த்தேன்: 13 புள்ளிகள். அதுவரை ‘வலி வந்தால் ஒன்று போட்டுக்கொண்டால் ஆயிற்று’ என்ற கட்சியில் இருந்தவள், அன்றைக்குக் கட்சி மாறிவிட்டேன். அதனால் இந்த ஒப்பீடு கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்துதான் இருக்கும்.

சாதாரண வலி மாத்திரைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாதத்துக்கு ஓரிரு முறை மட்டும் மைக்ரேன் வருகிறவருக்கு பாராசிட்டமாலோ நாப்ராக்சனோ போதலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் நாப்ராக்சன் பக்கம் தானாகப் போகக் கூடாது. எர்கோட்டமைன் கலந்த பழைய கூட்டு மாத்திரையும் இருக்கிறது. ரை (rye) போன்ற தானியக் கதிர்களில் பிடிக்கும் ஒரு வகைப் பூஞ்சையிலிருந்து வந்த மருந்து. உடம்பு முழுக்க ரத்தக்குழாய்களைச் சுருக்கும், குமட்டலைக் கூட்டும். கல்லூரிக் காலத்தில் போட்டேன், விட்டேன்.

போட்டி எனக்கு இரண்டுக்கு நடுவில்தான். வலி வந்ததும் போடும் ட்ரிப்டான், தினமும் போடும் தடுப்பு மாத்திரை. இரண்டும் மைக்ரேனின் வெவ்வேறு கட்டத்தில் போய் நிற்கின்றன என்பதால் முதலில் அந்தக் கட்டங்கள்.

நான் ப்ரூஃப் பார்ப்பவள். சில சமயம் ‘கணக்கு’ என்ற சொல்லில் ‘க்கு’ மட்டும் காணாமல் போகும். அச்சுக்கோளாறு என்று பென்சிலை எடுத்தால், அந்த வெற்றிடம் அடுத்த வரிக்கும் வரும், ஓரத்தில் ரம்பப் பல் போல மினுக்கிக்கொண்டு. இதுதான் ஆரா. மூளையின் மேற்பட்டையில் நரம்புச் செல்கள் ஒருமுறை பொங்கி அடங்கும் அலை, நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்கிறது. 1944இல் லியாவ் என்ற பிரேசில் விஞ்ஞானி முயல் மூளையில் கண்டது இதைத்தான். ஆரா எல்லோருக்கும் வராது. வருகிற பெண்கள் ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை எடுப்பதற்கு முன் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும், பக்கவாத ஆபத்து கூடும்.

அப்புறம் வலி. மூளைக்கு வலி தெரியாது. வலிப்பது அதைச் சுற்றிய உறையும் அதில் ஓடும் ரத்தக்குழாய்களும். அங்கே வந்து முடியும் ட்ரைஜெமினல் நரம்பின் நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத் துணுக்கைக் கொட்டுகின்றன. குழாய் விரிகிறது, நரம்பு இன்னும் உணர்ச்சிவசப்படுகிறது.

ட்ரிப்டான் வந்து நிற்பது இந்த இடத்தில். 1991இல் முதலில் வந்தது சுமாட்ரிப்டான். செரட்டோனின் என்ற நரம்பு ரசாயனம் வந்து ஒட்டும் இரண்டு குறிப்பிட்ட ஏற்பிகளைப் பிடித்து, விரிந்த குழாயைச் சுருக்குகிறது, நரம்பு நுனி சி.ஜி.ஆர்.பி. கொட்டுவதையும் அடைக்கிறது. எனக்குக் கொடுத்தது அதன் தம்பி ரிசாட்ரிப்டான் 10 மி.கி. முதல் முறை போட்டு ஒரு மணி நேரத்தில் எழுந்து தோசை வார்த்தேன். அதற்கு முன் அப்படிப்பட்ட நாளில் நான் இருட்டறையை விட்டு வந்ததே இல்லை.

ஆனால் நேரம் தவறக் கூடாது. வலி லேசாக இருக்கும்போதே போட வேண்டும். என் அளவுகோல் சீப்பு. தலை வாரும்போது மயிர்க்கால் எரிந்தால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வலி நரம்பு நுனியைத் தாண்டி உள்ளே மூளைத்தண்டு வரை ஏறிவிட்டது, நுனியை அடைக்கும் மருந்துக்கு அங்கே பிடி குறைவு. மைக்ரேனின்போது வயிறும் மந்தமாகிவிடுவதால் மாத்திரை அங்கேயே கிடக்கும். இதய நோய், பக்கவாதம், அடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ட்ரிப்டான் கிடையவே கிடையாது.

சரி, இவ்வளவு நல்ல மருந்தை ஏன் விட்டேன்? அந்தப் புள்ளிகள்தான்.

மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ ட்ரிப்டான், மூன்று மாதத்துக்கு மேல் இப்படியே போனால், மருந்தே தலைவலியைக் கொண்டுவரத் தொடங்கும். சாதாரண வலி மாத்திரைக்கு அந்த எல்லை 15 நாள், எர்கோட்டமைனுக்கும் கூட்டு மாத்திரைகளுக்கும் 10. உலகெங்கும் டாக்டர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு இது. இதில் மாட்டுகிறவருக்கு மாட்டியது தெரியாது, ‘இந்த மாதம் வெயில் அதிகம், அதான்’ என்று தோன்றும். நான் ஜூனில் வெயிலையும் ஜூலையில் மாமியாரையும் குற்றம் சொன்னேன். பழைய தாள்களைப் புரட்டினால் மார்ச்சில் 6, மே மாதம் 9, ஜூலையில் 12. அந்த 12இல் மூன்று வலிக்காமலே போட்டது: ஒரு கல்யாணம், ஒரு ரயில் பயணம், ஒரு அச்சுக் கெடு. கைப்பையில் இரண்டு மாத்திரை இல்லாமல் தெருமுனைக்குப் போக மாட்டேன் என்ற நிலை. மருந்தில் குறையில்லை, அடிக்கடி வலி வருகிறவர் கையில் அது மட்டும் இருப்பதுதான் குறை. எத்தனை முறை வருகிறது என்பதை அதனால் குறைக்க முடியாது.

அதைக் குறைக்க வருவது தடுப்பு மாத்திரை. முதலில் இரவில் ஃப்ளூனரிசின். தூக்கம் பிரமாதம், பசியும் பிரமாதம், மூன்று மாதத்தில் நாலு கிலோ. மனமும் சோர்ந்தது, நிறுத்தினோம். பிறகு ப்ரோப்ரனலால் 40 மி.கி. காலை, இரவு. இதயத்துக்கான பழைய மருந்து. 1960களில் நெஞ்சுவலிக்குக் கொடுத்தபோது மைக்ரேனும் குறைவதைப் பார்த்துத்தான் இந்தப் பக்கம் வந்தது. விலை டீக்காசு. ஆஸ்துமா இருந்தால் கூடாது. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்குவதன் படபடப்பை மறைத்துவிடும். எனக்கு நாடித்துடிப்பு குறைந்தது, விரல்கள் ஜில்லென்றாயின, மாடிப்படியில் பழைய வேகம் இல்லை.

முதல் ஐந்து வாரம் எதுவும் நடக்கவில்லை. பலர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். எலிகளில் செய்த ஆய்வு ஒன்று (2006) இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: ப்ரோப்ரனலாலை ஒருமுறை கொடுத்தால் அந்த மூளை அலை குறையவில்லை, வாரக்கணக்கில் கொடுத்தபோது குறைந்தது. எட்டாவது வாரம் என் காலண்டரிலும் குறைந்தது.

ட்ரிப்டானை முழுக்கத் தூக்கிப்போடவில்லை. ப்ரோப்ரனலால் ரத்தத்தில் ரிசாட்ரிப்டானின் அளவை ஏற்றிவிடும் என்பதால் 10 மி.கி. 5 ஆனது. பழைய அட்டையிலிருந்து எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

டோபிரமேட், அமிட்ரிப்டிலின் என்ற மற்ற தடுப்பு மாத்திரைகள் பற்றி எனக்குக் கேள்வி ஞானம் மட்டுமே. முன்னது விரல் நுனியில் ஊறும், வார்த்தை தடுமாறும் என்பதால் ப்ரூஃப் வேலைக்கு ஆகாது என்று நானே ஒதுங்கினேன். கர்ப்பம் தரிக்கும் வாய்ப்புள்ளவர்களுக்கும் அது பிரச்சினை. சி.ஜி.ஆர்.பி.யையே குறிவைக்கும் மாதாந்திர ஊசிகளில் எரெனுமாப் 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மைக்ரேனுக்கென்றே யோசித்துச் செய்த முதல் தடுப்பு மருந்து வகை. போட்டுக்கொண்டவர் யாரையும் நேரில் அறியேன், என் பர்ஸுக்கும் அது எட்டாது.

இந்த மாதம் 20ஆம் தேதி வரை மூன்று புள்ளிகள். ஆறு மாதம் முடிந்ததும் மெல்லக் குறைத்துப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். திடீரென நிறுத்தினால் இதயம் படபடக்கும், அதனால் இரவு மாத்திரையில் பாதியிலிருந்து தொடக்கம். அந்தத் தேதியைச் சிலிண்டர் வட்டத்துக்குப் பக்கத்திலேயே குறித்து வைத்திருக்கிறேன்.