மாடலிங் கிட்டார் என்று நம்பி 48,000 ரூபாய் போச்சு: பழையது வாங்கப் போகிறவர்கள் படித்துவிடுங்கள்

வயிற்றெரிச்சலோடுதான் எழுதுகிறேன். பழைய இசைக்கருவிகளை வாங்கி விற்கும் சென்னைக் கடை ஒன்று என்னிடம் 48,000 ரூபாயை வாங்கிக்கொண்டு, உள்ளே போர்டு செத்துப்போன மாடலிங் கிட்டாரைத் தலையில் கட்டிவிட்டது. புகார் கொடுக்கப் போவதால் கடையின் பெயரைப் போடவில்லை. இன்ஸ்டாகிராமில் வாசித்துக் காட்டி விற்கிற வகை, அவ்வளவு சொன்னால் போதும். வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் மெல்லிசைக் குழுக்களில் வாசிக்கும் தம்பிகள் பலரும் இந்த மாதிரிப் பக்கங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாங்கும்போது எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மாடலிங் கிட்டார் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். பார்க்க சாதாரண எலெக்ட்ரிக் கிட்டார்தான். கம்பிகள் உட்காரும் பாலத்தில் (பிரிட்ஜ்) ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனியாக ஒரு பீசோ பிக்கப், அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் உணரி, இருக்கும். ஆறு கம்பிகளின் அதிர்வும் தனித்தனியாக உள்ளே இருக்கும் சின்னக் கம்ப்யூட்டருக்குப் போகும். அது கணக்குப் போட்டு, ஸ்ட்ராட், லெஸ் பால் மாதிரியான பிரபல எலெக்ட்ரிக் கிட்டார்கள், அக்கூஸ்டிக், பன்னிரண்டு கம்பி, சிதார் என்று நாம் திருப்புகிற குமிழுக்கு ஏற்ற சத்தத்தை வெளியே அனுப்பும். 2000களின் தொடக்கத்தில் லைன் 6 நிறுவனத்தின் வேரியாக்ஸ் வந்த பிறகுதான் இது பரவலானது.

எங்களைப் போன்ற கச்சேரிக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாது. ஒரு பாட்டுக்கு அக்கூஸ்டிக் வேண்டும், அடுத்ததற்குக் கரகரப்பான டிஸ்டார்ஷன் வேண்டும். மூன்று கிட்டாரைத் தூக்கிக்கொண்டு காட்பாடியிலிருந்து குடியாத்தத்துக்குக் கூட்டமான பஸ்ஸில் போய்ப் பாருங்கள், தெரியும். அதைவிடப் பெரிய விஷயம் டியூனிங். பாடகர் மேடையிலேயே திரும்பி, "அரைக்கட்டை இறக்கிக்கலாம்ணா" என்பார். சாதாரண கிட்டாரில் கேப்போ (கழுத்தில் கம்பிகளை அழுத்தும் கிளிப்) போட்டு ஏற்றலாமே தவிர இறக்க முடியாது. இதில் குமிழைத் திருப்பினால் போதும், கம்பியைத் தொடவே வேண்டாம்.

குறையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். டியூனிங்கை மாற்றி வைத்து வீட்டில் மெதுவாக வாசித்தால் கம்பியின் சொந்தச் சத்தம் ஒரு சுருதியிலும் ஸ்பீக்கர் வேறு சுருதியிலும் கேட்டுக் காதைக் குத்தும். டியூனிங்கை ரொம்ப மாற்றினால் நோட்டு லேசாகத் தாமதிப்பது போலவும், நடுங்குவது போலவும் இருக்கும். அக்கூஸ்டிக் சத்தம் மிக்சர் வழியாக நன்றாக வரும், ஆனால் மரக் கிட்டாரை மடியில் வைத்து வாசிக்கிற நிறைவு வராது. பேட்டரி தீர்ந்தால் குமிழில் உள்ள மாடல் சத்தம் எதுவும் வராது. முதலில் வந்த சில மாடலிங் கிட்டார்களில், சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரில் இருக்கும் காந்தப் பிக்கப்பே கிடையாது, பேட்டரி போனால் மேடையில் மொத்தமாக மௌனம்தான். இதெல்லாம் தெரிந்துதான் தேடினேன். காந்தப் பிக்கப்பும் உள்ள கிட்டார்தான் வேண்டும் என்று கேட்டேன். அதையே பிடித்துக்கொண்டுதான் அந்தக் கடையில் விற்ற ஆள் ஏமாற்றியிருக்கிறான்.

வீடியோ காலில் வந்தான். "நானும் கச்சேரி ஆர்ட்டிஸ்ட்தாண்ணா, ஆர்ட்டிஸ்ட் வயித்துல அடிப்பனா?" என்று கேட்டான். அவன் அம்மா ஊர் ஆற்காடாம், ஆற்காட்டு மக்கன் பேடாவைப் பற்றிப் பேசினான். அப்புறம் வாசித்துக் காட்டினான். அக்கூஸ்டிக், பன்னிரண்டு கம்பி, சிதார், எல்லாம் அருமையாக வந்தது. விரல் சுத்தமான விரல், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரு வாசிப்பாளன் இன்னொரு வாசிப்பாளனை நம்பாமல் யாரை நம்புவான்? 20,000 ரூபாய் முன்பணம், பார்சல் போட்ட ரசீதைக் காட்டியதும் மீதி 28,000. இரண்டும் யூபிஐயில் போனது. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவை ஒட்டி எங்கள் குழுவுக்குக் கச்சேரிகள் இருந்தன, அதற்காகச் சேர்த்து வைத்த பணம் அது.

கிட்டார் வந்தது. காந்தப் பிக்கப் பேசியது. மாடல் குமிழை அழுத்தினால் விளக்கே எரியவில்லை. முழுதாக சார்ஜ் ஏற்றியும் எரியவில்லை. சத்துவாச்சாரியில் ரிப்பேர் தெரிந்த நண்பர் ஒருவர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். போர்டில் பச்சை பூத்திருந்தது, அதன்மேல் யாரோ சால்டர் வைத்துப் பார்த்துக் கைவிட்ட தடம். "இது ஏற்கெனவே செத்துதான் வந்திருக்கு"ன்னு சொல்லிவிட்டார். அந்த வீடியோ காலை என் போனில் பதிவு செய்து வைத்திருந்தேன், மறுபடி ஓட்டிப் பார்த்தோம். அவன் கை அந்தக் குமிழை மறைத்தே இருக்கிறது. கேபிள் நேராகக் கீழே போகிறது, காலடி மட்டும் படத்தில் இல்லை. அக்கூஸ்டிக், சிதார் எல்லாம், காந்தப் பிக்கப்பின் சத்தத்தை வாங்கி, தரையில் வைத்திருந்த எஃபெக்ட்ஸ் ப்ராசஸர் (சத்தத்தை மாற்றித் தரும் பெட்டி) மாற்றிக் கொடுத்த சத்தம். இறந்த கிட்டாருக்கு ப்ராசஸரை வைத்துப் பின்னணி பேசியிருக்கிறான். இதைத் திட்டம் போட்டுத்தானே செய்திருக்க வேண்டும்?

போன் செய்தால் முதலில், "பேட்டரி பழசா இருக்கும், சார்ஜ் போட்டு ராத்திரி பூரா விடுங்கணா." அப்புறம், "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணிப் பாருங்க." அப்புறம், "பார்சல்காரன் தூக்கிப் போட்டிருப்பான், அவன்கிட்ட கேளுங்க." பச்சை பூத்த போர்டின் படத்தை அனுப்பினேன். பார்சலில் இரண்டு நாளில் பச்சை பூக்குமா? அதற்குப் பதில் இல்லை. அண்ணா போய் சார் ஆனது. "செகண்ட் ஹேண்டுக்கு கேரண்டி கிடையாது சார், நீங்க பாத்துட்டுத்தான வாங்கினீங்க?" கடைசியில் வேறு ஒருவர் எடுத்து, "அவர் வேலைய விட்டுப் போயிட்டார்" என்றார். அதற்கப்புறம் பிளாக். அதே பக்கத்தில் அதே விரல்கள் வேறொரு கிட்டாரை வாசிக்கிற புது வீடியோ வந்திருக்கிறது. என் 48,000 ரூபாய் அங்கே உட்கார்ந்திருக்கிறது, சிரசுக் கச்சேரியில் நான் இரவல் கிட்டாரில் வாசித்தேன்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ப்ராசஸர் இல்லாமல், கிட்டாரிலிருந்து நேராக ஆம்புக்குப் போகிற கேபிளை முழுதாகக் காட்டச் சொல்லுங்கள். குமிழின் விளக்கு தெரிய வேண்டும். அக்கூஸ்டிக் மாடலில் வைத்து ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாக மீட்டச் சொல்லுங்கள். ஒரு பீசோ செத்திருந்தால் அந்தக் கம்பி மட்டும் பேசாது. பேட்டரியைக் கழற்றிவிட்டும் வாசிக்கச் சொல்லுங்கள், அப்போதும் அக்கூஸ்டிக் சத்தம் வந்தால் அது கிட்டாரிலிருந்து வரவில்லை.

பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணைக் கூப்பிடுங்கள். கடை சென்னையில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்க 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நான் வேலூரிலேயே கொடுக்கப் போகிறேன். அந்த ஆளிடம் ஏமாந்தவர்கள் வேறு யாராவது இருந்தால் ரசீதையும் வீடியோவையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.