நடுக்கோட்டை எவ்வளவு நம்பலாம்? ஐ.நா. மக்கள்தொகைத் தரவுத்தளம் குறித்து ஒரு மதிப்புரை

குழந்தைப் பிறப்பு குறைந்துவருவதைக் கண்டு அஞ்சுகிறவர்களானாலும் சரி, வரவேற்கிறவர்களானாலும் சரி, அவர்கள் எடுத்துக்காட்டும் எண்கள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. ஐக்கிய நாடுகள் சபையின் மக்கள்தொகைப் பிரிவு 1951 முதல் வெளியிட்டுவரும் உலக மக்கள்தொகைக் கணிப்புகளே அந்த இடம். இதன் 28ஆம் பதிப்பு 2024 ஜூலை 11 அன்று வெளியானது. 237 நாடுகளுக்கும் ஆட்சிப்பகுதிகளுக்கும் 1950 முதல் 2023 வரையிலான மதிப்பீடுகளும், அதன் பிறகு 2100 வரையிலான கணிப்புகளும் இதில் இருக்கின்றன. கட்டணம் எதுவும் இல்லை. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் எடுத்தாளலாம். சில மாதங்களாக இதை ஏறக்குறைய தினமும் திறந்து பார்த்து வருகிறேன். என் கணிப்பில் இந்தத் துறையில் இதற்கு இணையான பொதுச்சேவை வேறொன்றில்லை. ஆயினும் எல்லோரும் எடுத்துக்காட்டும் அந்த நடுக்கோட்டை, அதாவது உயர் கணிப்புக்கும் தாழ் கணிப்புக்கும் நடுவே ஓடும் நடுத்தரக் கணிப்பை மட்டும் அப்படியே ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்த நடுக்கோடு சொல்லும் கதை பலரும் அறிந்ததுதான். 2024இல் சுமார் 820 கோடியாக இருந்த உலக மக்கள்தொகை 2080களின் நடுவில் 1,030 கோடி என்ற உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்ல இறங்கி, 2100இல் 1,020 கோடியில் நிற்கும். சீனா, ஜப்பான், ஜெர்மனி, ரஷ்யா உள்ளிட்ட 63 நாடுகளும் பகுதிகளும் 2024க்கு முன்பே தங்கள் உச்சத்தைக் கடந்துவிட்டன. ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறும் குழந்தைகளின் சராசரியான மொத்தக் கருவள விகிதம் 1990இல் 3.3 ஆக இருந்து இப்போது 2.25க்கு வந்திருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட நாடுகளில் அது 2.1க்குக் கீழே போய்விட்டது. ஒரு தலைமுறை தன் இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ள இரண்டு குழந்தைகள் போதாதா, அந்தப் பத்தில் ஒரு பங்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகள் சற்றே அதிகமாகப் பிறக்கின்றன, பிறக்கும் பெண்களில் சிலர் தாயாகும் வயது வரை வாழ்வதில்லை.

பயன்படுத்தும் அனுபவத்தைப் பொறுத்தவரை, இணையத்தளத்தின் வரைபடங்கள் தெளிவானவை. ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்தால் நொடியில் வந்துவிடும். ஆழமாகப் பார்க்க விரும்புகிறவர் எக்செல் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும், அங்கே சற்றுப் பொறுமை தேவை. முதல் 16 வரிகளில் தலைப்பும் குறிப்புகளும் இருக்கின்றன. பத்திகளின் (நெடுவரிசைகளின்) பெயர்கள் 17ஆவது வரியில்தான் தொடங்குகின்றன. மதிப்பீடுகள் ஒரு தாளிலும் நடுத்தரக் கணிப்பு இன்னொரு தாளிலும் உள்ளன. மக்கள்தொகை எல்லாம் ஆயிரங்களில் தரப்பட்டிருக்கிறது. உலகம், கண்டம், வருவாய்ப் பிரிவு, தனி நாடு ஆகிய எல்லாமே ஒரே பத்தியில் அடுத்தடுத்து வரும். முதல் நாளில் நான் அந்தப் பத்தியை முழுவதுமாகக் கூட்டி, உலக மக்கள்தொகையைப் பல மடங்காக்கி, சற்று நேரம் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பிழை என்னுடையதுதான், வரி எந்த வகையைச் சேர்ந்தது என்று சொல்லும் பத்தி பக்கத்திலேயே இருந்தது, நான்தான் பார்க்கவில்லை.

இனி நடுக்கோட்டுக்கு வருகிறேன். கருவளம் மிகவும் தாழ்ந்துவிட்ட நாடுகளில் அது காலப்போக்கில் ஓரளவு மீண்டு எழும் என்பது இந்தக் கணிப்பின் உள்ளே புதைந்திருக்கும் ஊகம். தென் கொரியாவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு அரசின் புள்ளிவிவரப்படி 2023இல் கருவள விகிதம் 0.72, 2024இல் 0.75. நடுத்தரக் கணிப்போ அது நூற்றாண்டின் இறுதிக்குள் 1.3 அளவுக்கு ஏறும் என்று வைத்துக்கொள்கிறது. அப்படி ஏறினால்கூட இப்போது ஐந்து கோடியைத் தாண்டி நிற்கும் மக்கள்தொகை 2100இல் சுமார் 2.2 கோடியாகக் குறைந்துவிடும். ஏறாமல் 0.72இலேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: பாதிப் பேர் பெண்களாக உள்ள நூறு பேருக்கு 36 பிள்ளைகள், அந்த 36 பேருக்கு 13 பேரப்பிள்ளைகள். மீட்சி நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல வரவில்லை. சில ஐரோப்பிய நாடுகளில் கருவளம் தாழ்ந்து மீண்டதும் உண்டு, பிறகு மறுபடி தாழ்ந்ததும் உண்டு. ஊகத்தை ஊகமாகவே எண்ணி வாசிக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

இந்த ஐயத்துக்குக் காரணம் பழைய பதிப்புகளிலேயே கிடைக்கிறது. அவற்றை நீக்கிவிடாமல் காப்பகத்தில் வைத்திருப்பது இச்சேவையின் பெரிய நேர்மை என்றே சொல்வேன். 2100இல் சீனாவின் மக்கள்தொகை எவ்வளவு என்று கேட்டால், 2019 பதிப்பு ஏறத்தாழ 106 கோடி என்கிறது, 2022 பதிப்பு 77 கோடி என்கிறது, 2024 பதிப்பு 63 கோடி என்கிறது. ஐந்தே ஆண்டுகளில் நாற்பது கோடிக்கும் அதிகமானோர் கணக்கிலிருந்து காணாமற்போயிருக்கிறார்கள்! உலகக் கணக்கும் அதே திசையில்தான் இறங்கியிருக்கிறது: 1,090 கோடி, 1,035 கோடி, 1,020 கோடி. தொடர்ந்து ஒரே பக்கமாகத் திருத்தப்படும் கணிப்பைத் தற்செயலான பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. தாழ் கணிப்பு என்ற இன்னொரு கோப்பும் உடன் தரப்படுகிறது. ஒவ்வொரு நாட்டிலும் நடுத்தரத்தைவிடப் பெண்ணுக்கு அரைக் குழந்தை குறைவு என்று கொண்டால், 2100இல் உலக மக்கள்தொகை சுமார் 700 கோடிதான். அரைக் குழந்தை கூடுதல் என்று கொண்டாலோ 1,400 கோடியைத் தாண்டும். இவ்வளவு சிறிய மாற்றம் இவ்வளவு பெரிய இடைவெளியை உண்டாக்கும்போது, நடுவில் ஓடும் ஒரே கோட்டைப் பிடித்துக்கொண்டு கொள்கை வகுப்பது எப்படிச் சரியாகும்?

வேறொரு குறையும் உண்டு, அது அவ்வளவாகக் கண்ணில் படாதது. பிறப்பையும் இறப்பையும் தவறாமல் பதிவு செய்யும் டென்மார்க்குக்கான அட்டவணை வரியும், 1984க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பே நடக்காத காங்கோ ஜனநாயகக் குடியரசின் வரியும் ஒரே தோற்றத்தில், ஒரே துல்லியமான தசமத்துடன் நிற்கின்றன. முன்னது எண்ணிக் கண்டது, பின்னது மாதிரி ஆய்வுகளைக் கொண்டு கட்டி எழுப்பியது. விளக்கக் குறிப்புகளைத் தேடிப் படித்தால் இது தெரியும். அட்டவணையை மட்டும் பார்ப்பவருக்குத் தெரியாது. கருவளம் இன்னும் ஆறு என்ற அளவில் இருக்கும் நாடுகளில் சில இத்தகையவைதான் என்பதால், உலகின் உச்சம் எப்போது வரும் என்ற கேள்வியின் விடை ஓரளவு இந்த மங்கலான வரிகளைச் சார்ந்திருக்கிறது.

வயதுவாரி அட்டவணைகளைப் பற்றி எனக்குப் பாராட்டைத் தவிர வேறொன்றும் இல்லை. மக்கள்தொகை குறைவதன் விளைவுகளைத் தலைக்கணக்கில் தேடுவதைவிட வயதமைப்பில் தேடுவதே பொருத்தம். ஜப்பானில் 65 வயதைக் கடந்த ஒருவருக்கு 15 முதல் 64 வயது வரை உள்ளோர் இப்போது இருவர்தான் என்பதையும், 2070களின் பிற்பகுதியில் உலகிலேயே 65 கடந்தோர் 18 வயதுக்குட்பட்டோரைவிட அதிகமாவார்கள் என்பதையும் இங்கே ஒரே கோப்பில் சரிபார்த்துக்கொள்ளலாம். பிறப்பு குறைந்தும் மக்கள்தொகை ஏன் இன்னும் ஏறுகிறது என்ற குழப்பமும் இங்கே தீரும்: முந்தைய காலத்தில் பிறந்தவர்கள் இப்போது பிள்ளை பெறும் வயதில் ஏராளமாக இருக்கிறார்கள். 2054 வரை வரவிருக்கும் பெருக்கத்தில் 79 சதவீதம் இந்த உந்தத்தால் மட்டுமே வருவது. குடிப்பெயர்வு அறவே இல்லை என்று வைத்துக் கணக்கிட்ட கோப்பும் உண்டு. ஜெர்மனியில் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் இறப்புகளே பிறப்புகளை மிஞ்சுகின்றன. வந்து குடியேறியவர்களால்தான் அந்நாடு பெருமளவில் சுருங்காமல் இருந்தது என்பது தெரிந்தால், அந்தக் கோப்பின் அருமை புரியும்.

ஓய்வூதியச் சுமை, மருத்துவச் செலவு, மூடப்படும் பள்ளிகள், ஆளில்லாமல் போகும் சிற்றூர்கள் ஆகியவற்றுக்கு இங்கே விடை தேட வேண்டாம். அதற்கான மூலப்பொருளைத் தருவதோடு இதன் வேலை முடிகிறது. மக்கள் ஏன் குறைவாகப் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கும் இங்கே விடை இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்கள் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சுகாதார அளவீட்டு நிறுவனம் 2020இல் வெளியிட்ட கணிப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். அதன்படி உச்சம் 2064இலேயே, 973 கோடியில் வந்துவிடும். பதிவிறக்கும்போது நடுத்தரக் கோப்போடு தாழ் கணிப்பின் கோப்பையும் மறவாமல் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்ட பிறகுதான் எனக்கு மற்ற அட்டவணைகளை எப்படி வாசிப்பது என்பது பிடிபட்டது.