தினம் ஓர் ஊசியா, எலும்பை நீட்டும் அறுவையா?

கை கால்கள் குட்டையாக வளரும் பிறவி நிலையான அகாண்ட்ரோபிளேசியாவில், மாற்றமடைந்த எஃப்.ஜி.எஃப்.ஆர்.3 என்ற மரபணு, எலும்பு நீளும் இடமான வளர்ச்சித் தட்டை ஓயாமல் அடக்கிக்கொண்டே இருக்கிறது. இதோடு பிறக்கும் குழந்தைகளில் சுமார் 80 சதவீதத்தினரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்களே. ஆகவே 'யார் வழியில் வந்தது' என்ற பேச்சை முதலில் விட்டுவிடலாம்.

வோசோரிடைட் ஊசி 2021இல் அனுமதி பெற்றது. மரபணுவை அது மாற்றுவதில்லை, அந்த அடக்குமுறையைத் தளர்த்துகிறது. ஆய்வில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1.6 செ.மீ. கூடுதல் வளர்ச்சி கிடைத்தது. தினமும் தோலுக்கடியில் போட வேண்டும். இரத்த அழுத்தம் சட்டென இறங்கக்கூடும் என்பதால், ஊசிக்கு முன் குழந்தை ஏதாவது சாப்பிட்டு, தண்ணீரும் குடித்திருக்க வேண்டும். வளர்ச்சித் தட்டு மூடிவிட்டால் ஊசிக்கு அங்கே வேலையில்லை.

எலும்பை நீட்டும் அறுவையான இலிசரோவ் முறை வேறு வகை. எலும்பை வெட்டி, காலைச் சுற்றி உலோக வளையங்களைப் பொருத்துகிறார்கள். பிறகு திருகாணியை ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டர், நாளுக்கு நான்கு தடவை திருக வேண்டும். இடைவெளியில் புது எலும்பு ஊறுகிறது. சென்டிமீட்டர் கணக்கில் நீளம் கிடைக்கும், ஆனால் கம்பி நுழையும் இடத்தில் சீழ், மூட்டு இறுக்கம், மாதக்கணக்கில் வலி.

உயரத்துக்காக மட்டும் என்றால் அறுவைக்கு அவசரம் வேண்டாம். வலியைத் தாங்கப்போகிற பிள்ளை, தானே யோசித்துச் சொல்லும் வயது வரட்டும். ஊசி விஷயத்தில் அப்படிக் காத்திருக்க முடியாது என்பதுதான் சிக்கல்.