நானோகுழாய் பூசிய அச்சு மின்முனைப் பட்டைகள்: அமினோ அமில அளவீட்டுக்கு எவ்வளவு நம்பலாம்?

அச்சு மின்முனைப் பட்டையில் மூன்று மின்முனைகள் இருக்கும்: வினை நடக்கும் வேலை மின்முனை, மின்னோட்டச் சுற்றை நிறைவு செய்யும் துணை மின்முனை, மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்க வெள்ளி மையில் அச்சிட்ட ஒப்பீட்டு மின்முனை. வழக்கமான அளவில் வேலை மின்முனையின் விட்டம் 4 மி.மீ.; 50 மைக்ரோலிட்டர் துளி மூன்றையும் மூடினால் போதும், அளக்கத் தொடங்கலாம். டைரோசின், டிரிப்டோபான் ஆகிய அமினோ அமிலங்கள் இரண்டுக்கும் கார்பன் நானோகுழாய் பூசிய பட்டையைத் தயங்காமல் வாங்கலாம். ஆனால் ஓர் அளவீட்டுக்கு ஒரு பட்டை என்று கணக்குப் போட்டு வாங்குங்கள்.

காரணம் டைரோசினின் பீனால் பகுதி. ஆக்சிஜனேற்றத்தில் பிறக்கும் ரேடிக்கல்கள் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துகள்கள்) ஒன்றோடொன்று இணைந்து, மின்சாரம் கடத்தாத படலமாக மின்முனைமேல் படிகின்றன. சைக்ளிக் வோல்ட்டாமெட்ரியில் (மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை அளக்கும் முறை) இரண்டாம் சுற்றைப் பாருங்கள்: மின்னோட்ட உச்சம் அப்பட்டமாகக் குறைந்திருக்கும். ஒரே பட்டையில் குறைந்த செறிவிலிருந்து ஏறிக்கொண்டே போனால் அளவுத்திருத்தக் கோடு (செறிவுக்கு எதிரான உச்ச அளவின் கோடு) உயர் செறிவில் கீழ்நோக்கி வளையும். அதைப் பலரும் மின்முனையின் செறிவு எல்லை என்று எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது படலம்தான்.

நானோகுழாய் தரும் பெரிய உச்சத்தையும் அப்படியே வினையூக்கம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. குழாய்களின் மேல் மூலக்கூறுகள் ஒட்டிக்கொள்வதாலும், இடுக்குகளில் கரைசல் தேங்குவதாலும் உச்சம் உயரும். சோதிப்பது எளிது: டைரோசின் துளியை இட்டு, அளக்காமலே நீக்கி, பஃபரால் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) கழுவி, வெறும் பஃபர் துளி வைத்து அளவிடுங்கள். உச்சம் வந்தால் ஒட்டியதுதான் பேசுகிறது; அப்படியானால் துளி இட்டதிலிருந்து அளக்கும்வரை உள்ள நேரத்தை எல்லா மாதிரிக்கும் ஒன்றாக வையுங்கள். பரப்பு கூடும்போது பின்னணி மின்னோட்டமும் கூடுவதால் நேரடி ஸ்கேனைவிட டிஃபரன்ஷியல் பல்ஸ் முறை (சிறு மின்னழுத்தத் துடிப்பு தந்து, அதற்கு முன்னும் பின்னும் உள்ள மின்னோட்ட வேறுபாட்டை அளப்பது) நல்லது. 50 மில்லிவோல்ட் பல்ஸ், 5 மில்லிவோல்ட் படி என்று தொடங்கலாம்.

ஒப்பீட்டு மின்முனைதான் இந்தப் பட்டையின் பலவீனம். குளோரைடு செறிவு பத்து மடங்கு மாறினால் அதன் மின்னழுத்தம் ஏறத்தாழ 59 மில்லிவோல்ட் நகரும். குளோரைடே இல்லாத பாஸ்பேட் பஃபரில் உச்சம் பட்டைக்குப் பட்டை அலைவது இதனால்தான். தரக்கரைசல் (செறிவு தெரிந்த கரைசல்), மாதிரி இரண்டிலும் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு சேர்த்துவிட்டால் தொல்லை தீரும்.

டைரோசினும் டிரிப்டோபானும் ஒரே மாதிரியில் இருந்தால் உச்சங்கள் ஒட்டிக்கொண்டே வரும். பி.எச். மாற்றிப் பிரிக்க முயல்வதில் பெரிய பலனில்லை. நடுநிலைப் பகுதியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நகர்கின்றன.

கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீனுக்கு இந்தப் பட்டை வேண்டாம், கோபால்ட் தாலோசயனின் கலந்த மையில் அச்சிட்டதை வாங்குங்கள். வெறும் கார்பனில் சிஸ்டீனின் தயோல் (கந்தக-ஹைட்ரஜன்) பகுதி மிக உயர்ந்த மின்னழுத்தத்தில் மந்தமாகத்தான் வினைபுரியும். கோபால்ட் இடைநின்று அதைக் கணிசமாகக் கீழே இறக்குகிறது. தங்க மின்முனையில் கந்தகம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பரப்பையே அடைத்துவிடும்.

நானோகுழாயைச் சொந்தமாகப் பூசுவோர் டைமெத்தில் ஃபார்மமைடு என்ற கரைப்பானைத் தவிர்க்கலாம். சில பட்டைகளின் காப்பு மையை அது கரைக்கும். 5 மைக்ரோலிட்டர் துளியை மூடி போட்டு மெதுவாக உலர்த்தினால் ஓரத்தில் வளையமாகத் திரள்வது குறையும்.

புதுப் பெட்டி வந்ததும் இரண்டு மூன்று பட்டைகளை 5 மில்லிமோலார் ஃபெர்ரோசயனைடில் ஓட்டி, ஆக்சிஜனேற்ற, ஒடுக்க உச்சங்களுக்கு இடையிலான மின்னழுத்த இடைவெளியை ஒப்பிடுங்கள். சிஸ்டீன் கரைசலை அன்றன்றே தயாரியுங்கள். காற்றுப்பட்டு சிஸ்டைனாக (இரண்டு சிஸ்டீன் இணைந்த மூலக்கூறு) மாறிய கரைசல் தரும் குறைந்த உச்சத்துக்குப் பட்டை பொறுப்பல்ல.