பாத்தாம் ஒருநாள் சுற்றுலா: காலாங் முகாம் என்று சொல்லிக் கேக் கடைக்குக் கூட்டிப்போகிறார்கள்

சிங்கப்பூரிலிருந்து மலிவு பேக்கேஜில் இந்தோனேசியத் தீவான பாத்தாமுக்குப் போக நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்களுக்கு விற்ற பேக்கேஜில் முதல் இடமே காலாங் அகதி முகாம்தான். படகேறித் தப்பி வந்த வியட்நாமியர்களை 1979 முதல் 1996 வரை இந்தோனேசிய அரசும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் தங்கவைத்த இடம். அவர்கள் வந்த படகுகள், கட்டிய கோயில், தேவாலயம், வேறு நாடு போய்ச் சேருமுன்பே இறந்துபோனவர்களின் இடுகாடு எல்லாம் அங்கே இன்றும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அதைக் காட்டத்தான் கிளம்பினோம்.

ஃபெரியை விட்டு இறங்கியதும் கைடு எல்லோர் சட்டையிலும் எண் போட்ட மஞ்சள் ஸ்டிக்கரை ஒட்டினார். கூட்டத்தில் யாரும் தொலைந்துவிடக் கூடாதாம். முதலில் லாப்பிஸ் என்கிற அடுக்கு கேக் கடை. அடுத்து தைலக் கடை. கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவர் முழங்காலிலும் தேய்த்துக் காட்டினார்கள். பிறகு தோல் பொருள், காப்பித்தூள். ஒவ்வொரு கல்லாவிலும் பில் போடுமுன் நம் சட்டையைப் பார்த்து அந்த எண்ணைக் குறித்துக்கொள்கிறார்கள். கைடின் கமிஷன் கணக்கு அது!

சாப்பாட்டுக்குப் பிறகு காலாங் எப்போது என்று கேட்டேன். "இன்னைக்கு மூடியிருக்கு சார்" என்றார். பாத்தாம், ரெம்பாங், காலாங் தீவுகளை இணைக்க 1990களில் கட்டிய பாரேலாங் பாலங்கள் ஆறு. முதல் பாலத்தில் மட்டும் படம் எடுக்க இறக்கிவிட்டார்கள். அங்கே சோளம் சுட்டு விற்ற அம்மாவிடம் என் மனைவி தெரிந்த மலாயில் பேச்சுக்கொடுத்தாள். முகாம் திறந்துதான் இருக்கிறது, காலையில்கூட பஸ் போனது என்றார் அவர். கைடிடம் கேட்டால், நேரம் போதாது என்று பேச்சை மாற்றினார். அங்கிருந்து முகாமுக்கு முக்கால் மணி நேரமாவது ஓட வேண்டும். கடைகளில் போன பொழுதுக்குப் போய்ப் பார்த்துவிட்டே திரும்பியிருக்கலாம்.

துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில் தலைக்கு 5 வெள்ளி (டாலர்) டிப்ஸ் கட்டாயம் என்று வண்டிக்குள்ளேயே வசூல். திரும்பும் ஃபெரி டிக்கெட்டெல்லாம் அவர் கையில் இருந்ததால் யாரும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் ஏஜென்டைக் கூப்பிட்டால், "பயணத்திட்டம் மாறலாம்னு கீழேயே போட்டிருக்கோமே" என்கிறார். ஒரு காசு திரும்பவில்லை. காலாங் பெயரைச் சொல்லி ஆள் சேர்த்துவிட்டு, முகாம்வரை வண்டியை விடும் எண்ணமே இல்லாமல் இருப்பது பச்சை ஏமாற்று.

காலாங் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் டிரைவரோடு காரை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். காலையில் நேரே முகாமுக்குப் போங்கள். பாலம், கடையெல்லாம் திரும்பி வரும்போது. பேக்கேஜ்தான் என்றால் எத்தனை கடை, முகாமில் எவ்வளவு நேரம் என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். பாத்தாம் நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால். திரும்பும் ஃபெரிக்கு அந்த ஊர் நேரம்தான் கணக்கு. அந்த டிக்கெட்டை யாரிடமும் கொடுக்காமல் உங்கள் பையிலேயே வைத்திருங்கள்.