ஆறிய பாறைக்காகவே போகலாம்: ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்கா

ஹிலோ நகரிலிருந்து காரில் முக்கால் மணி நேரம் மேடேறினால் ஹவாய் எரிமலைகள் தேசியப் பூங்காவின் நுழைவாயில் வந்துவிடும். காருக்கு 30 டாலர் கட்டணம் செலுத்தினோம். அந்தச் சீட்டு ஏழு நாட்களுக்குச் செல்லும், பூங்காவும் இரவு பகலாகத் திறந்திருக்கும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், அரை நாளில் நெருப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று வருபவர்களே இங்கே பெரும்பாலும் ஏமாறுகிறார்கள் என்பதுதான்.

கிலாவேயா எரிமலையின் உச்சியில் 2024 டிசம்பர் 23 அன்று தொடங்கிய வெடிப்பு, சில மணி நேரம் பீறிட்டுவிட்டுப் பல நாட்கள் அடங்கிக் கிடக்கும் இயல்புடையது. நாங்கள் போய்ச் சேர்ந்தது அப்படி அடங்கியிருந்த ஒரு நாளில். முதல் நாள் மாலை, லாவா எனும் எரிமலைக் குழம்பு உறுதியாகத் தெரியும் என்று சொல்லி ஆளுக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்ட சுற்றுலா நிறுவனம் ஒன்று, பார்வையிடத்தில் எங்களை நிறுத்திப் புகையை மட்டும் காட்டி அழைத்து வந்தது. எரிமலை எவருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. அதன் பெயரால் வாக்குக் கொடுப்பவருக்குப் பணம் தர வேண்டியதும் இல்லை. வெடிப்பின் அன்றாட நிலையை அமெரிக்க நிலவியல் ஆய்வகம் இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது.

மறுநாள், உச்சியை ஒட்டிய கிலாவேயா இக்கி என்னும் எரிமலைப் பள்ளத்தில் நாங்களே நடந்த பாதைதான் இந்தப் பயணத்தின் உண்மையான பயன். 1959 நவம்பரில் இங்கே வெடித்த நெருப்பு ஊற்று 580 மீட்டர் உயரம் வரை எழும்பியது. 36 நாட்களில் அந்தப் பள்ளம் நூறு மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள குழம்பு ஏரியாக மாறியது. மேற்பரப்பு விரைவில் இறுகிவிட்டாலும், உள்ளே முழுவதும் உறைய 1990களின் நடுப்பகுதி வரை ஆயிற்று. பெரணிகள் அடர்ந்த ஈரக்காட்டின் வழியே 120 மீட்டர் இறங்கி, அந்த ஏரியின் மேல்தளத்திலேயே கால் வைக்கும்போது, காய்ச்சிய பால் ஆறுகையில் ஆடை ஒதுங்கிச் சுருங்குவது போலக் கருங்கல் மடிப்பு மடிப்பாகக் கிடக்கிறது. விரிசல்களில் எழும் ஆவி, உள்ளே இறங்கிய மழைநீர் இன்னும் சூடாக உள்ள பாறையைத் தொட்டுத் திரும்புவது. அதே விரிசல்களில்தான் ஓஹியா மரக்கன்றுகள் வேர் பிடித்துச் சிவப்பாகப் பூத்திருக்கின்றன.

மின்விளக்கு போட்ட நாஹுகு லாவாக் குகையைப் பதினைந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். நடுப்பகலில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைப்பதே அரிது. விட்டுவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

உச்சியிலிருந்து கடல் வரை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்தில் 1,100 மீட்டர் இறங்கும் சாலையை மட்டும் விடக் கூடாது. 1969க்கும் 1974க்கும் இடையே கிலாவேயாவின் சரிவில் நிகழ்ந்த மௌனா ஊலு வெடிப்பில் இதன் பெரும்பகுதி புதைந்து, பிறகு புதிதாகப் போடப்பட்டது. வழியில் பூஉ லோவா என்னுமிடத்தில் இருபது நிமிடம் நடந்தால், 23,000க்கும் மேற்பட்ட பாறைச் செதுக்கல்களைக் காணலாம். அவற்றுள் பல, வெறும் சிறு குழிகள். பிறந்த குழந்தையின் தொப்புள்கொடியை அதில் வைத்து நீண்ட ஆயுள் வேண்டுவது ஹவாய் மக்களின் வழக்கமாக இருந்தது. நெருப்பு ஓடி உறைந்த தரையையே ஆயுளுக்குச் சாட்சியாக வைத்த அந்த நம்பிக்கையின் முன்னால் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். சாலை முடியும் இடத்தில், கடல் அரித்து உருவான 27 மீட்டர் உயர ஹோலெய் கல்வளைவு இருக்கிறது.

இந்தச் சாலை நெடுகிலும் பெட்ரோலோ உணவோ குடிநீரோ கிடைக்காது. உச்சி 1,200 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே குளிரும் மழையும் உண்டு, கீழே கடலோரத்தில் வெயில் கொளுத்தும். இரண்டுக்கும் உடை வேண்டும். கந்தகப் புகை வீசுவதால் ஆஸ்துமா உள்ளவர்கள் காற்றின் நிலையை விசாரித்துவிட்டே செல்வது நல்லது. அடுத்த முறை கிலாவேயா இக்கிக்குக் காலை ஏழு மணிக்கே இறங்கிவிடுவேன். நாங்கள் இறங்கிய பதினொரு மணிக்கு அந்தக் கருந்தரையில் ஒதுங்க ஒரு கை நிழல்கூட இல்லை.